விற்குமுன் வீட்டைப் பரிசோதனைக்கு ஆயத்தம் செய்தல்

வீட்டை விற்றுவிடுவது என்று தீர்மானம் செய்த மறுநாளே பெயிண்டரைத் தேடிக்கொண்டு போகிறவர்கள்தாம் நம்மிடையே பெரும்பான்மையோர். இந்த அத்தியாயத்தில் வர்ணம் பூசுவது கடைசிக்கு முந்திய வேலையாகத்தான் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியங்களைக் கிரமம் தவறாமல் செய்து முடித்தவருடைய வீட்டில், பார்க்க வருகிறவர் எந்தக் கதவைத் திறந்தாலும் எந்தச் சுவரைத் தட்டினாலும், விற்பவர் முன்பே அறியாத குறை ஒன்றும் வெளிப்படாது. விலைபேசும் வேளையில் அதைவிடப் பெரிய சௌகரியம் வேறில்லை.

மேல்நாடுகளில் வாங்குபவர் கூலி கொடுத்து அமர்த்தும் வீட்டுப் பரிசோதகர் என்று தனி ஒருவர் வருவது வழக்கம். புதுச்சேரியை அடுத்த நம் தவளக்குப்பத்தில் வீடு விற்பவரின் வாசலுக்கு வருகிறவர்கள் வேறு. வாங்குபவர் வங்கிக்கடன் கேட்டிருந்தால் வங்கியின் வக்கீல் பத்திரங்களை வாங்கிப் படிப்பார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் நாடா பிடித்து அளந்து, புகைப்படம் எடுத்து, கட்டடத்தின் வயதையும் நிலைமையையும் எழுதிக்கொண்டு போவார். இவர்களுக்கெல்லாம் முன்பாகவே, வாங்குபவர் தமக்கு நம்பிக்கையான ஒரு மேஸ்திரியைச் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்போலக் கூட்டி வருவார். மூவரிலும் அதிகமாகக் கண்டுபிடிப்பவர் அந்த மேஸ்திரிதான் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் மதிப்பீட்டாளர் அரைமணியில் போய்விடுவார். மேஸ்திரியோ காலால் தரையைத் தட்டி, விரல் கணுவால் சுவரைத் தட்டி, குளியலறையின் பின்புறச் சுவரை வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

சட்டம் கேட்பதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் கண்டுகொள்ள முடியாததும், விற்பவருக்குத் தெரிந்ததுமான முக்கியக் குறையை, அது கட்டடத்தில் இருந்தாலும் பாத்தியதையில் இருந்தாலும், விற்பவர் வெளியிட்டே தீர வேண்டும். ஆகவே வர்ணத்தால் மூடிய விரிசல் நாளைக்கு வழக்காகவும் வரக்கூடும்.

காலம்

நம் ஊருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலோ தை முதலிலோ வேலையைத் தொடங்குவது உத்தமம். கூரையின் ஒழுக்கும் சுவரின் ஓதமும் அப்போதுதான் பிரத்தியட்சமாகத் தெரியும். சித்திரை வெயிலில் அதே சுவர் ஒரு பாவமும் அறியாததுபோல் உலர்ந்து நிற்கும். தையில் பார்த்து, மாசி பங்குனியில் பழுது நீக்கி, சித்திரையில் வர்ணம் பூசினால், வீட்டைக் காட்ட வைகாசி சரியாக இருக்கும். மூன்று நான்கு மாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: நனைந்த சுவர் உலர்வதற்கு எந்தக் கொத்தனாரும் அவசர வழி கண்டுபிடிக்கவில்லை.

முதலில் காகிதங்கள்

1. கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தில் கட்டிய வீட்டு வரி ரசீது, மின்துறையின் கடைசி பில், புதுச்சேரி நகர அமைப்புக் குழுமம் அனுமதித்த வரைபடம் ஆகியவற்றை ஒரே உறையில் சேருங்கள். பார்க்க வருகிறவர்களிடம் நகலை மட்டுமே கொடுங்கள். அசலைக் கண்ணில் காட்டலாம், கையோடு அனுப்பலாகாது.

2. பத்திரத்திலுள்ள சர்வே எண்ணும் பட்டாவிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பழைய புதுவைப் பத்திரங்களில் பிரெஞ்சுக் காலத்து எண்ணும் பிற்கால மறுஅளவை எண்ணும் அடுத்தடுத்து நிற்பது சகஜம். இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டால் வக்கீலின் கேள்விகளில் பாதி குறையும்.

3. அளவை இக்காலத்து முறைக்கு மாற்றி எழுதுங்கள். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. குழிக் கணக்கோ சீமைக்குச் சீமை வேறுபடுவது. குழியை நம்பி விலை பேசுவது சண்டைக்கு அச்சாரம்.

4. அனுமதித்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். மதிப்பீட்டாளரும் இதைத்தான் செய்யப் போகிறார். பின்புறம் தகரம் போட்டு இறக்கிய சமையற்கட்டு, மாடியில் பிற்பாடு எழுப்பிய ஓர் அறை, பக்கத்துக் காலியிடத்தை விழுங்கிய கழிவறை ஆகிய எதுவும் வரைபடத்தில் இல்லாவிட்டால், வங்கி அவற்றை மதிப்பில் சேர்க்காமல் விடலாம். மீறல் பெரிதாக இருந்தால் கடனையே மறுக்கலாம். உரிமம் பெற்ற ஒரு இஞ்சினீயரிடம் காட்டி, முறைப்படுத்த வழியுண்டா அல்லது இடித்துவிடுவது லாபமா என்று முன்னதாகவே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நல்லவாடு, பூரணாங்குப்பம் பக்கமாகக் கடலை நெருங்கிய மனையென்றாலும், சுண்ணாம்பாற்றின் உப்பங்கழியை ஒட்டிய மனையென்றாலும், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பற்றிய கேள்வியும் வரும்.

சொந்தக்காரர் பிரான்சில் இருக்க, இங்கே அண்ணனோ மைத்துனரோ பார்த்துக்கொள்ளும் வீடுகள் புதுவையில் அநேகம். அங்கே எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மொட்டைமாடி

வீட்டைப் பார்ப்பதை மேலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் மேலிருந்து கீழே வருவதால், மாடியைச் சரிசெய்யாமல் கீழ் அறையைச் சரிசெய்தவன் இருமுறை கூலி கொடுப்பான்.

1. மாடியைச் சுத்தமாகப் பெருக்குங்கள். உடைந்த நாற்காலி, மிச்சம் கிடந்த செங்கல், காய்ந்த பூந்தொட்டி யாவும் கீழே போகட்டும். அவற்றின் அடியில்தான் ஈரம் தங்கியிருக்கும்.

2. மழைநீர் இறங்கும் தூம்புவாய்களைக் குச்சிவிட்டுச் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது தயங்காமல் இறங்குகிறதா என்று பாருங்கள். மாடியில் ஒழுக்கு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, உண்மையில் அடைபட்ட தூம்பு.

3. தட்டோடு பதித்த தளமென்றால் ஒவ்வோர் ஓட்டையும் குச்சியால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று சத்தம் கேட்கும் ஓட்டைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவையுங்கள். அந்த ஓடுகளையும் இணைப்புகளையும் எடுத்து மறுபடி பதிப்பது ஒரு கொத்தனாரின் ஓரிரு நாள் வேலை.

4. கைப்பிடிச் சுவரும் தளமும் சந்திக்கும் மூலையைக் கவனியுங்கள். தண்ணீர் நுழையும் வாசல் பெரும்பாலும் அதுவே. அங்கே சரிவாகக் கலவை கொடுத்து மூலையை உருட்டிவிடுவது பழைய மேஸ்திரிகளின் நல்ல வழக்கம்.

5. கான்கிரீட் தளத்தில் ஐயம் தீராவிட்டால், தூம்புகளை அடைத்து ஓர் அங்குல உயரம் தண்ணீர் தேக்கி, ஒருநாள் விட்டு, கீழ்ப்பக்கம் ஈரம் காண்கிறதா என்று பாருங்கள்.

எச்சரிக்கை: ஓர் அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ கனக்கும், 100 சதுர மீட்டர் மாடியில் அது இரண்டரை டன். ஆகையால் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்திலோ, கம்பி வெளியே தெரியும் தளத்திலோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. மாடிக்கு அருகே மின்கம்பி போகுமானால் நீண்ட இரும்புக் கம்பியையோ அலுமினிய ஏணியையோ மேலே கொண்டுபோகக் கூடாது.

துருப்பிடித்த கம்பி

கடற்காற்று வீசும் ஊர்களில் கான்கிரீட்டுக்கு வரும் வியாதி இது. காற்றிலும் நீரிலும் உள்ள உப்பு மெல்ல உள்ளே ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவானது இரும்பைவிட அதிக இடம் கேட்பதால், மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. ஜன்னல் மேலுள்ள சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி, தண்ணீர்த் தொட்டியின் அடி, மாடிப்படியின் அடித்தளம் ஆகிய இடங்களில் இது முதலில் தலைகாட்டும். சாமானியர் இதைக் காரை பெயர்ந்தது என்று எண்ணி, பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி மெழுகிவிடுகிறார்கள். துரு அடியில் தன் வேலையைத் தொடர, அடுத்த மழைக்குள் அந்தப் பூச்சு அப்படியே பாளமாக விழும். வீடு பார்க்க வந்தவரின் தலைமேல் விழாதிருந்தால் பாக்கியம்.

செய்ய வேண்டிய முறை இது:

1. சிறு சுத்தியலால் தட்டி, உள்ளீடற்ற ஓசை வரும் பகுதி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கோடு போடுங்கள். தட்டும்போது கண்ணாடி அணியுங்கள். நேர் கீழே நிற்காதீர்கள்.

2. தளர்ந்த கான்கிரீட் முழுவதையும் உளியால் எடுத்து, கம்பியின் பின்புறமும் தெரியும்படி செய்யச் சொல்லுங்கள். கொத்தனார் இங்கேதான் அவசரப்படுவார், விடாதீர்கள்.

3. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென விற்கும் பாலிமர் கலந்த கலவையால் பூசி, ஒரு வாரம் நீராற்றுங்கள்.

4. கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தாலோ, உத்திரத்திலோ தூணிலோ இந்த விரிசலைக் கண்டாலோ, கொத்தனாரை விட்டுக் கட்டட இஞ்சினீயரைக் கூப்பிடுங்கள். அவர் எழுதிக் கொடுக்கும் குறிப்பையும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களையும் பத்திர உறையோடு சேர்த்து வையுங்கள்.

பழுது பார்த்த இடத்தைப் படத்தோடு காட்டும் விற்பனையாளரிடம் பேரம் குறைவாகவே நடக்கிறது.

சுவர், விரிசல், ஓதம்

விரிசல்கள் யாவும் ஒரே ஜாதி அல்ல. பூச்சில் மாத்திரம் சிலந்தி வலைபோல் ஓடும் மயிரிழைக் கோடுகள் நிரபராதிகள். உத்திரமும் செங்கற்சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடும் கோடு, இரண்டு வெவ்வேறு பொருள்கள் வெயிலில் வெவ்வேறு விதமாக விரிவதால் வருவது; அதுவும் பெரும்பாலும் பயமற்றதே. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படியேறிப் போகும் விரிசலும், வெளியேயும் உள்ளேயும் ஒரே இடத்தில் தெரியும் விரிசலும் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசுகின்றன. அத்தகைய விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி, குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிளாஸ்டர் வைத்து ஒட்டிவிடுங்கள். இரண்டு மாதத்தில் கண்ணாடி உடைந்தாலோ கோடு குறியைத் தாண்டினாலோ அது இன்னும் வளர்கிற விரிசல். அதை அடைக்குமுன் இஞ்சினீயர் பார்க்க வேண்டும்.

ஓதமே இங்கே அதிக வீடுகளைப் பிடித்திருக்கும் தொல்லை. தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, வர்ணம் செதிள் செதிளாக உதிர்கிறதென்றால் ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது. இதற்கு ஒரு காரணத்தை நம் வீதிகளில் நின்று பார்த்தாலே அறியலாம். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலுக்குமேல் போட்டு உயர்த்திவிட, வீடுகள் தாழ்ந்துபோகின்றன. வீட்டுக்காரர் தம் முற்றத்திலும் மண்ணடித்து உயர்த்துகிறார். அந்த மண், சுவரில் ஈரத்தடுப்பு அடுக்கு இருக்கும் மட்டத்தையும் கடந்து ஏறி நிற்க, சுவர் நேராக மண்ணிலிருந்து தண்ணீர் குடிக்கிறது.

1. வெளிப்புறம் சுவரை ஒட்டிய மண்ணை வெட்டி, அஸ்திவாரப் படிமட்டம் தெரியும்படி இறக்குங்கள். தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடச் சரிவு கொடுங்கள்.

2. உட்புறம் உப்புப் பூத்த பூச்சை, தடம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓரடிவரை கொத்தி எடுத்து, செங்கல்லை உலரவிடுங்கள். வாரக்கணக்கில் ஆகும்; ஆகட்டும்.

3. பிறகு புதிதாகப் பூசுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். சிமென்டால் மூடினால் ஈரம் இன்னும் உயரே ஏறி வேறிடத்தில் வெளிவரும்.

ஈரச் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதேயாகும். அந்த இடத்தை பீரோவால் மறைப்பதும் பயன்படாது. மேஸ்திரி முதலில் நகர்த்தச் சொல்வது அந்த பீரோவைத்தான்.

வெள்ளத்தைப் பற்றிய கேள்வி தப்பாமல் வரும். 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய 'தானே' புயலையும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய 'பெஞ்சல்' புயலையும் இந்தப் பகுதியில் மறந்தவர் இல்லை. தண்ணீர் எதுவரை வந்தது என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எதிர்வீட்டு அம்மாள் படியைக் காட்டிச் சொல்லிவிடுவாள்.

கரையான்

நிலைக்கதவு, ஜன்னல் சட்டம், பரண், படிக்கட்டின் அடி ஆகியவற்றை டார்ச் விளக்கால் பாருங்கள். மண்கோடு கண்டால் அதைத் துடைத்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். புற்று எங்கேயோ உயிரோடிருக்கிறது. மரத்தைத் திருகுளியின் முனையால் அழுத்தினால் அமுங்கும் சட்டத்தை மாற்றத்தான் வேண்டும். மருந்தடிப்பதை அத்தொழிலாளரிடமே விடுங்கள். கிணற்றுக்கோ ஆழ்குழாய்க்கோ அருகில் மண்ணில் மருந்து ஊற்ற அனுமதிக்காதீர்கள். அவர்கள் தரும் உத்தரவாதச் சீட்டும் உறைக்குள் போகட்டும்.

மின்சாரம்

இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய, நீங்கள் அருகில் நின்று பார்ப்பதே முறை. அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. கசிவு மின்சாரத்தை அறுக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அது 30 மில்லி ஆம்பியர் வகையா. எர்த் உண்மையில் மண்ணோடு இணைந்திருக்கிறதா, அல்லது பிளக்கின் மூன்றாவது துளை வெறும் அலங்காரமா. மரப்பட்டியில் ஓடும் பழைய வயர் எங்கேனும் மிச்சமிருக்கிறதா. ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியதும் மின்சாரம் நின்றுவிட வேண்டும். ஈரம் ஏறிய சுவரில் உள்ள சுவிட்சுப் பெட்டியை, அந்தச் சுவர் உலரும்வரை உபயோகிக்காதீர்கள்.

தண்ணீரும் கழிவும்

மேல்தொட்டியைக் கழுவி, மோட்டார் போட்டு அது நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துவையுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது உகந்தது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. உப்புத் தண்ணீரென்றால் அதைச் சொல்லி, குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது காலி செய்யப்பட்டது என்பதற்கு ரசீது இருக்கட்டும். காலி செய்வதற்கு லாரியையே அழைக்க வேண்டும். ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாக உயிர்க்கொலை. மூடியைத் திறந்துவிட்டு எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். தீக்குச்சி கிழிப்பது கூடவே கூடாது.

பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு காரியம் அவசியம். கழிவறைக் கோப்பையிலும் தரை வடிகாலிலும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, கீழேயுள்ள வாயு மேலே வராமல் தடுக்கிறது; மாதக்கணக்கில் உபயோகமில்லாவிட்டால் அது வற்றிவிடும். 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே வந்த நச்சுவாயுவுக்கு மூன்று பேர் பலியானார்கள். ஆகவே பூட்டிய வீட்டைத் திறந்தவுடன் முதலில் எல்லா ஜன்னல்களையும் திறந்து, நெடுநேரம் காற்றாடவிட்டு, பிறகே ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றம் அடித்தால் வெளியே வந்துவிடுங்கள். உள்ளே யாராவது விழுந்திருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடிப்போகாமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

இப்போது வர்ணம்

சுவர் உலர்ந்தபின், இளநிறம் ஒன்று போதும். வாங்குபவர் எப்படியும் தம் இஷ்டப்படி மறுபடி அடிப்பார். விலையுயர்ந்த வர்ணத்தில் போட்ட பணம் திரும்பி வராது. ஓர் அறை மட்டும் புதிதாக மின்னுவது, அங்கே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று கூவிச் சொல்வதற்குச் சமானம்.

பார்வையிடும் நாள்

1. மாடிச் சாவி, மீட்டர் பெட்டிச் சாவி, பரண் ஏணி ஆகியவற்றை வாசலிலேயே வையுங்கள். சாவி தேடும் வீட்டில் சந்தேகம் வளர்கிறது.

2. மனையின் நான்கு எல்லைகளும் தெரியும்படி செடிகொடிகளை வெட்டிவையுங்கள். எல்லைக்கல் இருந்தால் மண்ணைத் தள்ளி வெளிக்காட்டுங்கள். அடுத்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பக்கச் சந்துக்குள் நாடா பிடிக்கத் தடையிராது.

3. மின்சாரமும் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கட்டும். நாயைக் கட்டுங்கள். மாடிப்படியில் பாசி இருந்தால் முதல்நாளே தேய்த்துக் கழுவுங்கள்.

4. மதிப்பீட்டாளரின் பின்னாலேயே வீட்டின் பெருமை பேசிக்கொண்டு நடக்காதீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, கேட்ட காகிதத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பழுது பார்த்தவற்றின் ஒரு பக்கக் குறிப்பை, தேதியோடு எழுதி, போகும்போது கையில் தாருங்கள்.

5. அவர் குறித்துக்கொண்ட குறை எதுவென்று அறிந்து, அதை நீக்கக் கொத்தனார் கேட்கும் கூலியை அன்றைக்கே எழுத்தில் வாங்குங்கள். பேரத்தின்போது வாங்குபவர் அந்தக் குறைக்காக ஒரு லட்சம் தள்ளச் சொன்னால், கொத்தனாரின் சீட்டு 30,000 என்று சொல்லும் பட்சத்தில், பேச்சு அந்த முப்பதிலிருந்து தொடங்கும்.